ஒளி குறைந்தால் டி.என்.ஏ. மடங்கியதாகுமா?

எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் டி.என்.ஏ. இயந்திரம் (தூண்டினால் வடிவம் மாறி அசையும் டி.என்.ஏ. இழை) செய்து பார்க்க விரும்புகிறவர்கள், சைட்டோசின் நிறைந்த இழை மடங்கி உருவாகும் ஐ-மோட்டிஃபில் தொடங்குவது நல்லது. அமிலம் விட்டால் மடங்கும், காரம் விட்டால் விரியும். கேம்பிரிட்ஜில் தோங்ஷெங் லியூவும் சங்கர் பாலசுப்பிரமணியனும் 2003-இல் வெளியிட்ட வடிவம் இது. இழை மடங்குவதை, அதில் ஒட்டிய ஒளிரும் சாயத்தின் ஒளி குறைவதை வைத்தே அளப்போம். அதனால் வைவாவில் மடக்கும் கேள்வி ஒன்றுதான்: அசைந்தது இழையா, மங்கியது சாயமா?

இழை 21 பேஸ் (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி எழுத்துகள்) நீளம். சிசிசி, டிஏஏ என்று மாறி மாறி வந்து சிசிசியில் முடியும். பி.எச். 5-இல் ஆறு சைட்டோசின் (சி) ஜோடிகள், ஜோடிக்கு ஒரு புரோட்டானைப் பங்கிட்டுக்கொண்டு, இழையைச் சுருட்டிப் பிடிக்கும். 8-இல் புரோட்டான் கழன்று, தன்னோடு ஜோடி சேரும் 17 பேஸ் துணை இழையுடன் இரட்டைச் சுருளாக நீளும். 17 ஜோடிக்கு, ஜோடிக்கு 0.34 வீதம், ஏறத்தாழ 5.8 நானோமீட்டர். துணை இழையை முழுப் பொருத்தமாக ஆர்டர் செய்யாதீர்கள். அதிலுள்ள ஜி வரிசைகள் தமக்குள்ளேயே நான்கிழை முடிச்சாகும்; பொட்டாசியம் இருந்தால் முடிச்சு இன்னும் இறுகும். இரண்டு இடங்களில் பேஸை மாற்றுங்கள், சோடியம் உப்பையே பயன்படுத்துங்கள்.

இரண்டு இழைகளையும் சேர்த்து 90 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி மெல்ல ஆறவிடுவதை பி.எச். 8-இல் மட்டும் செய்யுங்கள். அமிலத்தில் சூடாக்கினால் ஏ, ஜி பேஸ்கள் உதிரும்.

இனி சாயம். ஃபுளோரசீன் எளிதில் கிடைக்கும், ஆனால் அமிலத்தில் தானாகவே மங்கும். இழை மடங்கி, மறுமுனையிலுள்ள க்வென்ச்சர் (சாயத்தின் ஒளியை அணைக்கும் மூலக்கூறு) நெருங்கினாலும் ஒளி குறையும். இரண்டும் ஒரே திசையில் போவதால் தவறு கண்ணில் படாது. ரோடமின் கிரீன் போன்ற, பி.எச்.சுக்கு அசையாத சாயம் வாங்குங்கள். சைட்டோசின்களுக்குப் பதில் தைமின் (டி) வைத்த, மடங்க முடியாத இழையை அதே சாயத்தோடு ஓட்டுங்கள்; அதுவும் அமிலத்தில் மங்கினால் உங்கள் முடிவு நிற்காது. சாயமில்லாத இழையின் சி.டி. ஸ்பெக்ட்ரமும் (இட, வல வட்டமுனைவு ஒளிகளை உறிஞ்சுவதிலுள்ள வேறுபாடு) வேண்டும்: மடங்கிய வடிவத்துக்கு 285 நானோமீட்டர் அருகே முகடு, 265 அருகே பள்ளம்.

அமிலமும் காரமும் மாறி மாறி விட்ட பத்துச் சுழற்சிக்குப் பின் சிக்னல் சரிவதைப் பார்த்து இயந்திரம் தேய்ந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். 3 மில்லிலிட்டர் கியூவெட்டில் 10 மில்லிமோலார் எம்.இ.எஸ். பஃபர் (பி.எச். மாற்றத்தை எதிர்க்கும் கரைசல்) இருந்தால், பி.எச். 8-இலிருந்து 5-க்கு இறக்க 1 மோலார் அமிலம் சுமார் 27 மைக்ரோலிட்டர் பிடிக்கும்; திரும்ப ஏற்றக் காரமும் அதே அளவு. பத்துச் சுழற்சியில் கொள்ளளவு சுமார் 18 சதவீதம் கூடுகிறது, நீர்த்ததாலேயே ஒளி 15 சதவீதம் இறங்கும். ஒவ்வோர் அளவீட்டையும் அப்போதைய கொள்ளளவால் பெருக்கித் தொடக்கக் கொள்ளளவால் வகுத்துவிட்டுப் படம் வரையுங்கள்.