அறுகம்பையில் ஒரு பிளக்கின் விலை

அறுகம்பையில் நாங்கள் தங்கிய விடுதியில், இரவில் காருக்குச் சார்ஜ் போட்டதற்கு 4,000 ரூபா கேட்டார்கள். அறை வாடகையில் ஏறத்தாழப் பாதி அது. எங்கள் கார் அந்த இரவில் இழுத்த மின்சாரம் சுமார் 20 அலகுதான். அப்படியானால் ஓர் அலகு 200 ரூபாவுக்கு விற்கப்பட்டிருக்கிறது, வீட்டு மின்பட்டியலில் அதற்குக் கிட்ட வரும் படிநிலை எதுவுமே இல்லை. “வெள்ளைக்காரர் கேட்காமல் தருகிறார்கள்” என்பது முதலாளியின் விளக்கம். வாதாடி 2,500 ரூபாவுக்குக் கொண்டுவந்தேன் என்றாலும் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

எங்களுடையது இரண்டாம் கையாக வாங்கிய நிசான் லீஃப், 30 கிலோவாற்று மணி, அதாவது 30 அலகு கொள்ளும் பற்றரி. இதே காருக்கு ஜப்பானியச் சோதனைக் கணக்கு 280 கிலோமீற்றர் என்கிறது, அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கோ 172 என்கிறது. நம்மூரில் கார் விற்பவர்கள் எதைச் சொல்லி விற்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது, ஆகவே வெப்பமான ஊர்களில் அது விரைவில் தேய்கிறது. மீற்றரில் பன்னிரண்டாக இருக்கவேண்டிய கொள்ளளவுக் கோடுகள் எங்கள் காரில் பத்தாகிவிட்டன, அதாவது மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 23 அலகு. ஓர் அலகுக்கு ஆறு கிலோமீற்றர் என்று வைத்தால் 138 கிலோமீற்றர் ஓடலாம். மட்டக்களப்பிலிருந்து அறுகம்பை ஏறக்குறைய 110. போய்ச் சேரலாம், ஆனால் அங்கே ஒரு பிளக் கிடைக்காவிட்டால் திரும்ப முடியாது.

கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடையும் சந்தியும் முடிவில்லாமல் தொடரும் அந்த வீதியில் பெற்றோல் காரை ஓட்டுபவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். மின்சாரக் காருக்கோ இதைவிடச் சிறந்த வீதி இல்லை. மெதுவாக ஓடும்போது காற்றுத் தடை குறைகிறது, மாடும் முச்சக்கரவண்டியும் குறுக்கே வந்து வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் கொஞ்சம் மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அக்கரைப்பற்று வரை கணக்குப் பிசகவேயில்லை. பற்றரியைத் தின்றது திருக்கோவிலுக்குப் பின்னால் கோமாரி ஊடாகப் பொத்துவில் வரை செல்லும் வெறிச்சோடிய வீதிதான். 60இல் ஓடும் கார் 80க்குப் போனால் காற்றுத் தடை கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது; ஓகஸ்ட் மாதமாகையால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வேறு முன்பக்கவாட்டில் அடித்தது. ஏசி மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகைக் குடிப்பதால் அதை நிறுத்தலாமா என்று கேட்டேன். “காரைக் காப்பாற்றப் போய் என்னைக் கொன்றுபோடாதே மகன்” என்றார் அம்மா. ஏசி ஓடியது, வேகம் குறைந்தது. வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்த இடங்களில் குறைத்தே ஆகவேண்டியிருந்தது என்பதும் உண்மை.

வழியில் ஒரு நகரத்தில் விரைவுச் சார்ஜர் இருப்பதாகத் தொலைபேசி வரைபடம் காட்டியது. இருந்தது, பூட்டியும் இருந்தது. சாவிக்காரர் எப்போது வருவார் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த வயரோ சிசிஎஸ்-2 வகை, அது புதிதாக வரும் கார்களுக்கானது. லீஃபுக்கு வேண்டியது சாடெமோ என்ற வேறு வகை வாய். ஆகவே சாவி வந்திருந்தாலும் எங்களுக்குப் பயனில்லை. வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைப்பவர்கள் எந்த வாய், யார் கையில் சாவி என்ற இரண்டையும் எழுதாவிட்டால் அந்தப் புள்ளியை அழித்துவிடுவதே மேல்.

தூரம், சார்ஜ், செலவு என்று ஒழுங்காக எழுதவே நினைத்தேன், ஆனால் திருக்கோவிலில் சாப்பிட்டதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஒரு வீட்டின் முன்விறாந்தையில் நடக்கும் சிறிய கடை. கணவாய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல், மாங்காய்ச் சம்பல், சொதி, கடைசியில் சட்டியோடு வைத்த எருமைத் தயிர். கணவாய் இறப்பராகாமல் பல்லுக்குப் பதமாக வெந்திருந்தது, குழம்பில் மிளகு தூக்கலாக இருந்தது, சோறு கேட்கக் கேட்க வந்தது. நால்வருக்கு 2,600 ரூபா. ஓரிரவு மின்சாரத்துக்கு விடுதி கேட்டதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொத்துவிலைத் தாண்டி விடுதியை அடைந்தபோது 19 வீதம் மிஞ்சியிருந்தது. விறாந்தையில் காட்டிய பிளக்கில் சார்ஜரை மாட்டியதும் சிவப்பு விளக்கு மின்னியது. எர்த் கம்பி இணைக்கப்படாத இடத்தில் இந்தச் சார்ஜர் வேலை செய்யாது, அது நல்லதுதான். சமையலறைப் பிளக்கில் எர்த் இருந்தது, ஆனால் அங்கிருந்து காருக்கு வயர் எட்டவில்லை. விடுதிக்காரர் நீட்டிய மெல்லிய இணைப்பு வயரை வாங்காமல் பொத்துவில் மின்பொருள் கடைக்குப் போனேன். கடைக்கார நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஃபேனுக்குப் போடுற வயரில பத்து அம்பியர் விடிய விடிய ஓடினா உருகிடும் தம்பி” என்று சொல்லி, தடித்த வயரில் பதின்மூன்று அம்பியர் பிளக் பூட்டித் தந்தார், பூட்டிய கூலி வாங்கவில்லை. அன்று சந்தித்தவர்களில் மின்சாரத்தைச் சரியாகப் புரிந்திருந்தவர் அவர் ஒருவரே.

பத்து அம்பியரில் மணிக்கு இரண்டு அலகுதான் பற்றரிக்குள் ஏறும், ஆகவே ஒன்பது பத்து மணிநேரம் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மாட்டிவிட வேண்டும். விடுதியைத் தொலைபேசியில் பதிவு செய்யும்போதே எர்த் உள்ள பதின்மூன்று அம்பியர் பிளக் கார் நிறுத்துமிடத்துக்கு அருகில் உண்டா என்று கேளுங்கள், மாட்டுமுன்னும் கழற்றிய பின்னும் மீற்றரைப் பார்த்து அலகுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். மின்பட்டியலின் இரண்டு மடங்கு கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

திரும்பும்போது கச்சான் பின்பக்கவாட்டில் வந்ததால் 27 வீதத்துடன் வீடு சேர்ந்தோம். அடுத்து பதுளைக்குப் போகலாம் என்கிறாள் மகள். அது 150 கிலோமீற்றரைத் தாண்டும், அதற்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் ஏற்றம். எங்கள் நால்வரையும் சுமந்து அந்த உயரம் ஏறுவதற்கு மட்டுமே மூன்று அலகுக்கு மேல் போய்விடும். பதுளைக்கு பஸ்ஸில்தான் போகிறோம்.