கார்னெட்டின் ஓரம்

ஒரு பாறை எவ்வளவு சூட்டில் உருவானது என்ற கேள்விக்கு, ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு எனக்குக் கிடைத்த விடை 650 டிகிரி செல்சியஸ். தேனி மாவட்டம் கெங்குவார்பட்டி அருகே, கொடைக்கானல் மலையடிவாரத்தில் எடுத்துவந்த கிரானுலைட், அதாவது நிலத்தடியில் கடும் சூட்டில் உருமாறிய பாறை அது. அதில் கார்னெட், பயோடைட் என்ற இரு கனிமங்கள் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் இரும்பையும் மக்னீசியத்தையும் அளந்தேன். சூடு கூடக்கூட கார்னெட் மக்னீசியத்தைக் கூடுதலாக ஏற்கும். அந்த விகிதத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். பத்து இடங்களில் அளந்தேன், பத்தும் ஏறத்தாழ ஒரே எண்ணுக்கு வந்தன. அந்த ஒற்றுமையே போதும் என்று நினைத்தேன்.

எங்கள் மூத்த ஆய்வாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சீவலை நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் பார்த்தாயம்மா?"

அன்று மாலை முழுவதும் பார்த்தேன். 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த பாறைச் சீவலின் ஒரு மூலையில் நீல நிறத்தில் சஃபிரின் என்ற கனிமம் இருந்தது. அதை ஒட்டியே, இடையில் வேறு எதுவும் இல்லாமல், குவார்ட்ஸ். இவ்விரண்டும் இப்படிச் சேர்ந்து உருவாக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரே பாறை, அதுவும் விரல் நகமளவு இடைவெளியில், 250 டிகிரி வேறுபட்ட இரண்டு செய்திகளைச் சொன்னது.

இரண்டுமே உண்மை என்று புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. பாறை ஆறும்போதும் கார்னெட்டும் பயோடைட்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் கைமாற்றிக்கொண்டே இருக்கின்றன. அணுக்கள் நகர முடியாத அளவுக்குச் சூடு குறைந்தபின்தான் அந்தப் பரிமாற்றம் நிற்கிறது. நான் அளந்தது அது நின்ற வெப்பநிலையை. சஃபிரினும் குவார்ட்ஸும் பிரிய வேண்டுமானால் புதிய கனிமங்களே உருவாக வேண்டும். அதை விரைவுபடுத்தும் நீர் இவ்வகைப் பாறையில் மிகக் குறைவு. அதனால்தான் அந்த இணை அழியாமல், நம் கண்ணில் படும்படி பிழைத்திருக்கிறது.

பிறகு ஆர்த்தோபைராக்சின் என்ற இன்னொரு கனிமத்தின் பெரிய படிகங்களின் நடுப்பகுதியில் அலுமினியத்தை அளந்தேன். அலுமினியம் எளிதில் நகராது, அதனால் பழைய சூட்டின் பதிவு அதில் தங்கியிருக்கும். கணக்கு 900-ஐத் தாண்டியது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

அழுத்தத்தின் கதையைச் சொன்னதும் கார்னெட்டின் ஓரம்தான். அதைச் சுற்றி ஆர்த்தோபைராக்சினும் கார்டியரைட்டும் விரல் கோத்ததுபோல் பின்னிக் கிடந்தன. கார்டியரைட் நெருக்கமில்லாத கட்டமைப்பு கொண்ட கனிமம். அழுத்தம் தளர்ந்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும். அடர்ந்த கார்னெட் உடைந்து அது பிறந்திருக்கிறது என்றால், பாறை சூடு ஆறும் முன்பே மேலே எழத் தொடங்கிவிட்டது. ஒரு கிலோபார் அழுத்தம் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் ஆழத்துக்குச் சமம். உட்பகுதிக் கனிமங்கள் காட்டிய எட்டு கிலோபாரை வைத்துப் பார்த்தால், நான் சுத்தியலால் தட்டி எடுத்த அந்தக் கல் சுமார் 28 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்திருக்கிறது. இதெல்லாம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் நிலத்துண்டுகள் மோதி இணைந்த காலத்தில் நடந்தவை.

1893-இல் ஜார்ஜ் பேரோ ஸ்காட்லாந்து மலைகளில் எந்தக் கனிமம் எங்கே தோன்றுகிறது என்று பார்த்தே பாறைகள் எவ்வளவு உருமாறின என்பதைக் காட்டும் உருமாற்ற மண்டலங்களைப் பிரித்தார். கனிமத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் எலக்ட்ரான் கருவி எதுவும் இல்லாத காலம் அது. என்னிடம் கருவி இருந்தது, பார்ப்பதைத்தான் விட்டிருந்தேன். இப்போது எந்தச் சீவலையும் முதலில் கையால் வரைந்துகொள்கிறேன். எது எதைத் தொடுகிறது, எது எதைத் தின்றிருக்கிறது என்று குறித்த பிறகே கருவியறைக்குப் போகிறேன்.

650 என்ற அந்த எண்ணை நாங்கள் நீக்கவில்லை. பாறை ஆறிவந்த பாதையைக் காட்டும் எங்கள் வரைபடத்தில் அது கடைசிப் புள்ளியாக இருக்கிறது.