‘நேரமே போகலை’ன்னு டாக்டர்கிட்ட சொல்லலாம்

தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுகிறோம். நேரம் போகவில்லை என்பதைச் சொல்லத் தோன்றுவதே இல்லை. எனக்கு டிப்ரெஷன் வந்தபோது முதலில் தெரிந்தது அதுதான். பெங்களூர் அல்சூரில் வீட்டிலிருந்தே வேலை. சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைப் பார்த்தால் மணி 2:10. ஒரு யுகம் கழித்துப் பார்த்தால் 2:14. விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடும். அதிலிருந்து பால் வரும்வரை தள்ளுவது தனிக் கொடுமை. ஆனால் மாதங்கள் மட்டும் பறந்தன. அந்த வருஷத் தீபாவளிக்கு என்ன செய்தோம் என்றே ஞாபகமில்லை.

“கிளம்புங்க, ஒரு தடவை கேட்டுட்டு வந்துடலாம்” என்று மனைவிதான் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். ஒரு நாள் முழுக்க ஆகும் என்று வைத்துக்கொண்டு போங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் நிறைய. வரிசையில் பாதித் தமிழ்தான் காதில் விழுந்தது.

டாக்டரம்மா தானாகவே கேட்டார்: “மதியம் நகரவே மாட்டேங்குதா?” டிப்ரெஷனில் இருப்பவர்கள் பலரும் இதைச் சொல்வார்களாம். ஆனால் சோதனையில் ‘இது எத்தனை விநாடி’ என்று கேட்டால் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அளவு தப்புவதில்லை, நேரம் ஓடுகிறது என்ற உணர்வுதான் மந்தமாகிறது. மாதங்கள் பறந்ததற்கு விளக்கம், பிறகு படித்தபோது கிடைத்தது. வெறுமையான நேரம் கடக்கும்போது நீளும், திரும்பிப் பார்த்தால் சுருங்கிவிடும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். நினைவில் நிற்க ஒன்றும் நடக்கவில்லையே!

எஸ்சிட்டலோபிராம் என்ற டிப்ரெஷன் மாத்திரையை எழுதிக் கொடுத்து, “வேலை செய்ய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும்” என்றார். யாரிடம் வந்து நாலு வாரம் என்கிறார் பாருங்கள். முதலில் குமட்டல்தான் வந்தது, அப்புறம் அடங்கியது.

கூடவே ஒரு வேலை. நோட்டில் மணிவாரியாகக் கட்டம் போட்டு, என்ன செய்தேன், செய்து முடித்த திருப்தி எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. ‘2–3: படுத்திருந்தேன். 0, 0.’ அதற்கடுத்த கட்டமும் அதுவே. ‘5–6: துணி மடித்தேன். 3, 1.’ அந்த மூன்றைப் பார்த்து டாக்டரம்மா, நாளைக்கு இரண்டு மணிக் கட்டத்தில் துணி மடிப்பதை முன்கூட்டியே எழுதிவிடச் சொன்னார். பிடித்திருக்கிறது என்பதற்காக அல்ல, எழுதியிருப்பதால் செய்வது. அப்படியே ஏரிக்கரை நடை, கீரை வாங்கப் போவது என்று மதியம் துண்டு துண்டாக உடைந்தது. மாத்திரையா நோட்டா, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தூக்கம்தான் முதலில் திரும்பியது. மணியைப் பார்க்காமலே நாலரை ஆனது வெகு நாள் கழித்துத்தான்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மனாஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அழைத்தால் நேரம் போகாததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.