பீன்யா நாட்குறிப்பு: "எவ்வளவு போடட்டும், அண்ணா?"

மார்ச் 2, திங்கள்

இன்று எண்ணிப் பார்த்தேன். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் சி.என்.சி. லேத் (கணினி ஓட்டும் கடைசல் மெஷின்) ஷாப். காலை ஷிப்டில் மட்டும் 11 முறை மெஷின் ஓட்டும் தம்பி என் மேஜைக்கு வந்தான். எல்லாம் ஒரே கேள்வி. "அண்ணா, போர் சைஸ் குறையுது, எவ்வளவு போடட்டும்?" போர் என்றால் ஜாபில், அதாவது நாங்கள் கடையும் பாகத்தில், குடையும் துளை. "பத்து போடு" என்பேன். மெஷினில் பத்து மைக்ரான், அதாவது 0.010 மி.மீ., கூட்டிப் போடுவான். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு இரண்டு நொடிகூட ஆகாது.

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்தவன். எங்கள் ஷாப்புக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அளவெடுப்பதில் என்னைவிடப் பொறுமை. ஆனால் முடிவெடுக்கும் வேலையை ஒருநாளும் அவனிடம் நான் கொடுத்ததில்லை. பீன்யா இண்டஸ்ட்ரியில் மெட்ரோ ஏறி ஸ்ரீராம்புரத்தில் இறங்கும்வரை இதே நினைப்பு.

மார்ச் 3, செவ்வாய்

"நீயே சொல்லு, எவ்வளவு போடலாம்?" என்று திருப்பிக் கேட்டேன். பையன் முகம் சுண்டிவிட்டது. "ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா, அண்ணா?"

கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்று கேட்டால் யாருக்கும் அது பரீட்சைதான். டீ நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து நேராகச் சொன்னேன். "இனிமே இந்த மெஷின்ல சைஸ் உன் பொறுப்பு. நான் பதில் சொல்லலைன்னா கோபம்னு நினைக்காதே." கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

பொறுப்பு என்று சொன்னால் மட்டும் போதாது, எதுவரை என்றும் சொல்ல வேண்டும். ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து அதில் கோடு போட்டேன். எங்கள் ஜாபில் போர் 40 ஹெச்7 என்ற அளவு. அதாவது 40.000-லிருந்து 40.025 மி.மீ. வரை. இன்செர்ட் (மாற்றிப் போடும் வெட்டுமுனை) தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வரும். 40.008-க்குக் கீழே இறங்கினால் அவனே ஆஃப்செட் (மெஷினில் போடும் திருத்த அளவு) கூட்டலாம், என்னைக் கேட்க வேண்டாம். ஒரே ஜாபில் திடீரென்று 15 மைக்ரான் குதித்தால் ஆஃப்செட்டைத் தொடக்கூடாது, முதலில் காரணம் தேட வேண்டும்.

"போருக்குள்ள சுருள் ஒட்டியிருந்தாலும் கேஜ் அப்படிக் காட்டும்ல, அண்ணா?" என்றான். நான் சொல்லித்தராதது. அதை அவன் கையாலேயே அட்டையில் எழுதவைத்தேன்.

ஜாபைப் பிடிக்கும் சக் பக்கமோ டூல்களைத் தாங்கும் டரெட் பக்கமோ சத்தம் மாறினால் மட்டும் உடனே நிறுத்தி, என்னைக் கூப்பிட வேண்டும். ஜாப் கெட்டால் வேறு ஜாப் ஓட்டிக்கொள்ளலாம். கைக்கு ஆபத்து வரும் இடத்தில் "அவனே கற்றுக்கொள்ளட்டும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பழைய பயிற்சி நோட்டைத் தேடி எடுத்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வந்தவர்களைச் சீக்கிரம் தயார்செய்ய, 1940-ல் அமெரிக்காவில் தொடங்கிய டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி) பயிற்சி பற்றிய பக்கங்கள். போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவரை வேரூன்றிய முறை. ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், அப்புறம் தொடர்ந்து கவனி என்று நாலு படி. அந்த நாலாவதில்தான் விஷயமே இருக்கிறது. தனியாக வேலையில் விடு, உதவிக்கு யாரிடம் போக வேண்டும் என்று சொல், அடிக்கடி போய்ப் பார், போகப்போக அதையும் குறை. மூன்று படியோடு நிறுத்திவிட்டு "பையன் தேறலை" என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன்!

நான் தொழில் கற்ற ஷாப்பில் நான் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்தாலே மேஸ்திரி திட்டுவார். மூன்று வருஷம் நைட் ஷிப்டில் அவர் கண்ணயரும்போது பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். அவர் லீவு போட்டால் மெஷின் நிற்கும். அதைத் திறமை என்று நானும் அப்போது நம்பினேன்.

மார்ச் 10, செவ்வாய்

போர் 40.006-க்கு வந்திருக்கிறது. தேய்மானத்தை ஈடுகட்டும் 'வேர்' ஆஃப்செட்டில் ஏற்கெனவே 0.040 இருந்தது. இன்னும் 0.010 கூட்ட வேண்டும். எங்கள் ஃபனுக் கன்ட்ரோலில் 'ப்ளஸ் இன்புட்' அழுத்தினால் பழைய எண்ணோடு கூடும், வெறும் 'இன்புட்' அழுத்தினால் பழையது போய்ப் புதியது உட்கார்ந்துவிடும். தம்பி வெறும் இன்புட்டை அழுத்திவிட்டான். அடுத்த ஜாப் 39.976.

பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். கேஜைத் துடைத்தான், மறுபடி வைத்துப் பார்த்தான், நெற்றி சுருங்கியது. என் கால் தானாக முன்னே போனது. கையிலிருந்த வெர்னியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவன் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்தான். 0.050 இருக்க வேண்டிய இடத்தில் 0.010. விரலை ஸ்கிரீனில் வைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்தான். திருத்தினான். அதே ஜாபை மறுபடி ஓட்டினான். 40.013.

போர் சிறுத்திருந்ததால் பிழைத்தது, பெருத்திருந்தால் ஸ்கிராப்தான். அப்புறம் அவனே வந்து நடந்ததை முழுசாகச் சொன்னான். "திரும்ப வராம இருக்க என்ன பண்ணுவே?" என்று மட்டும் கேட்டேன். பழைய எண்ணையும் புது எண்ணையும் எழுதிவிட்டுத்தான் பட்டனைத் தொடுவேன் என்றான். இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

இன்று இரண்டே முறை வந்தான்.

மார்ச் 17, செவ்வாய்

கிருஷ்ணகிரியில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. லீவு போட்டேன். ஷாப்பிலிருந்து ஒரே ஒரு போன், பதினொன்றரை மணிக்கு. "அண்ணா, இன்செர்ட்ல எல்லா முனையும் தேஞ்சிடுச்சு. புதுசு மாத்தணும். அலமாரி சாவி எங்க?"

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. பக்கத்து மெஷின்காரரிடம் ஒன்று வாங்கிச் சமாளித்துக்கொண்டான்.

மார்ச் 18, புதன்

போனதும் முதல் வேலையாகச் சாவியை அவன் கையில் கொடுத்தேன். எத்தனை இன்செர்ட் எடுக்கிறான் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு கேட்டான்.