பழைய டேட்டாபேஸைப் புது சர்வரில் ஏற்றியது: நான்கு மாலை வேலை

பல வருடமாக நான் சேர்த்து வரும் சொற்தொகுப்பு ஒன்று இருக்கிறது. தச்சு, நெசவு, உழவு என்று தொழில் செய்கிறவர்கள் வாயில் புழங்கும் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம், கேட்ட தேதி. கிட்டத்தட்ட 23,000 பதிவுகள், ஒன்பது டேபிள்கள். பழைய பதிப்புகளில் தொடங்கி, கடைசியாக மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று 8.4 போட்ட வேறொரு சர்வருக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

முதல் மாலை

பேக்கப் எடுக்க, டேட்டாபேஸை ஒரே ஃபைலாக (டம்ப்) எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் போதும். 'சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன்' என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். மைஎஸ்க்யூஎல் டேபிள்களைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான இன்னோடிபியில் இருந்தால், டேபிள்களைப் பூட்டாமலே ஒரே கணத்தின் நிலையை எடுத்துத் தரும். மைஐஸாம் என்ற பழைய முறை டேபிள்களுக்கு இது உதவாது. என்னுடையவை எல்லாம் இன்னோடிபிதானா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். ஸ்டோர்டு புரொசீஜர் (சர்வரில் சேமித்த நிரல்), ஈவென்ட் (குறித்த நேரத்தில் ஓடுவது) இரண்டும் தானாக வராது, 'ரூட்டீன்ஸ்', 'ஈவென்ட்ஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானாக ஓடுவது) மட்டும் கேட்காமலே வரும்.

டம்பை நேராக ஜிஸிப் என்ற சுருக்கும் கருவிக்குக் குழாய் போட்டு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுத்து) அனுப்பும்போது ஒன்று கவனிக்க வேண்டும். டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஸிப் நல்லபடியாக முடிந்தால், கட்டளைகளை ஓட்டும் பேஷ் வெற்றி என்றுதான் சொல்லும், ஏனென்றால் குழாயின் கடைசிக் கட்டளை சொல்வதைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. ஸ்கிரிப்ட்டின் தலையில், குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' அமைப்பைப் போட்டுவிட்டேன். கூடவே ஃபைலின் கடைசி வரியையும் பார்ப்பேன். டம்ப் முழுமையாக முடிந்திருந்தால் முடிந்த தேதியும் நேரமும் அங்கே எழுதியிருக்கும்.

ஃபைலைப் புது சர்வருக்கு அனுப்பி, இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 என்ற ஃபைல் கைரேகையைக் கணக்கிட்டு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ஏற்றும்போது ட்ரிகர் இருக்கும் டேபிளில் 1231 என்ற பிழையோடு நின்றது. 5.7 ட்ரிகரோடு சேர்த்து எழுதி வைக்கும் ஓர் எஸ்க்யூஎல் மோடு (சர்வரின் நடத்தை அமைப்பு) 8.0லேயே நீக்கப்பட்டுவிட்டது. என்னிடம் இருப்பது ஒரே ட்ரிகர். அதனால் ட்ரிகர் இல்லாமல் மறுபடி டம்ப் எடுத்து ஏற்றி, அதைக் கையால் புதிதாக எழுதினேன். எப்படியும் அதை எழுதத்தான் வேண்டியிருக்கும். பழைய ட்ரிகருக்கு உரிமையாளராகக் குறித்திருந்த யூசர் புது சர்வரில் இல்லை. யூசர்களும் அனுமதிகளும் இந்த டம்பில் வருவதில்லை.

ஒன்பது டேபிளிலும் வரிசை எண்ணிக்கை அச்சு அசலாகப் பொருந்தியது. நிம்மதியாகப் படுத்தேன்.

இரண்டாம் மாலை

என் பிஹெச்பி பக்கத்தைப் புது சர்வரோடு இணைத்துத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், நாணயக் குறிகள் என்று பக்கம் முழுக்க ஓடியது. நெஞ்சு அடைத்துவிட்டது, உண்மையாகவே. பழைய சர்வரைத் திறந்து பார்த்தால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தச் சர்வரை இன்னும் அணைக்காமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

பதற்றம் அடங்கிய பிறகு ஒரே ஒரு சொல்லை எடுத்துச் சோதித்தேன்: 'தமிழ்'. இதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து யூனிகோட் குறிகள். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். எழுத்துகளை எண்ணும் சார்பு 5 என்றும், பைட்டுகளை எண்ணும் சார்பு 15 என்றும் சொல்ல வேண்டும். இரண்டுமே 15 என்றன. புது சர்வரில் மட்டுமில்லை, பழைய சர்வரிலும்!

அப்போதுதான் விளங்கியது. டேபிள்களை உருவாக்கிய காலத்தில் எழுத்துக்குறி (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணை) எதுவென்று நான் சொல்லவே இல்லை. 5.7 வரைக்கும் மைஎஸ்க்யூஎல்லின் இயல்புநிலை, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தின்1. டேபிளும் லத்தின்1, பிஹெச்பி இணைப்பும் லத்தின்1. இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் சர்வர் எதையும் மாற்றாமல் பைட்டுகளை அப்படியே வாங்கி வைத்து அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறது. உலாவியில் அவை தமிழாகத் தெரிந்தன. 8.0இலிருந்து இயல்புநிலை யூடிஎஃப்8எம்பி4, அதாவது முழு யூடிஎஃப்-8. இணைப்பு மாறியதும், சர்வர் தன் கடமையைச் சரியாகச் செய்து ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தின் எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. பைட்டுகள் தொலையவில்லை, அவற்றின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் தப்பு.

இணைப்பை மறுபடி லத்தின்1க்கு மாற்றினால் ஒரு வரியில் வேலை முடியும். எனக்கு மனம் வரவில்லை. 'தமிழ்' என்ற சொல்லில் பதினைந்து எழுத்து என்று நம்பும் டேட்டாபேஸிடம் முதல் மூன்று எழுத்தைக் கேட்டால் 'த' மட்டும்தான் வரும். தேடலும் வரிசைப்படுத்தலும் ஒழுங்காக அமைய வேண்டுமானால் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

மூன்றாம் மாலை

கையில் இருந்த டம்ப் ஃபைலையே, எழுத்துக்குறி மாற்றும் கருவியான ஐகான்வ் கொண்டு திருப்பலாம் என்று முயன்றேன். யூடிஎஃப்-8இலிருந்து விண்டோஸ்-1252 என்ற எழுத்துக்குறிக்கு மாற்றினால் பழைய பைட்டுகள் கிடைத்துவிட வேண்டும், ஏனென்றால் மைஎஸ்க்யூஎல் லத்தின்1 என்று சொல்வது உண்மையில் 1252தான். முதல் புள்ளி எழுத்திலேயே நின்றது.

ஏன் என்று தோண்டியதில் மிக அழகான ஒரு விஷயம் கிடைத்தது. 1252இல் ஐந்து இடங்கள் (பதினாறடிமான எண்ணில்) காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. உகரக் குறிக்கு 81. 'ஏ'வுக்கு 8எஃப், 'ஐ'க்கு 90. ஐந்து காலி இடங்களில் நான்கு தமிழின் தலையில்தான் விழுகின்றன! மைஎஸ்க்யூஎல் அந்த ஐந்தையும் அதே எண்ணுள்ள யூனிகோட் குறியாக வைத்துக் காப்பாற்றுகிறது. ஐகான்வ் கண்டிப்பாக மறுக்கிறது. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுத முடியுமா? அதனால் இந்த மாற்றத்தை மைஎஸ்க்யூஎல்லின் கையாலேயே செய்ய வேண்டும்.

பழைய சர்வரில் மறுபடி டம்ப் எடுத்தேன். இந்த முறை இயல்பு எழுத்துக்குறி லத்தின்1 என்று சொல்லி, ஃபைலில் எழுத்துக்குறி பெயரை எழுதாமல் விடும் 'ஸ்கிப்-செட்-சார்செட்' விருப்பத்தையும் சேர்த்தேன். இப்போது ஃபைலைத் திறந்தால் நேராகத் தமிழ் தெரிகிறது. டேபிள் வரையறைகளில் மட்டும் லத்தின்1 என்பதை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, யூடிஎஃப்8எம்பி4 இணைப்பில் ஏற்றினேன். வெறும் யூடிஎஃப்8 என்று அங்கே போடக் கூடாது. மைஎஸ்க்யூஎல்லில் அது நெடுங்காலமாக மூன்று பைட்டோடு நின்றுவிடுவது; தமிழுக்குப் போதும், எமோஜிக்குப் போதாது.

பாதியில் 1366 பிழை வந்து நின்றது. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் செல்லாத பைட் இருக்கிறதாம்.

நான்காம் மாலை

அந்தப் பதிவைப் பழைய சர்வரில் பார்த்தேன். வாக்கியம் ஒரு சொல்லின் நடுவில் முடிந்து, கடைசியில் இரண்டு பைட் அநாதையாக நின்றது. டேபிளில் அந்த வாக்கியங்களுக்கான நெடுவரிசைக்கு நான் கொடுத்திருந்த அளவு 255. லத்தின்1இல் அது 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிதான். 5.7க்கு முந்தைய பதிப்புகளில் கண்டிப்பு முறை இயல்பாக இருக்காது. நீளமானதை வெட்டிவிட்டு வெறும் எச்சரிக்கையோடு சேமித்துக்கொள்ளும். என் பிஹெச்பி பக்கம் அந்த எச்சரிக்கையைப் படித்ததே இல்லை.

பைட் நீளம் சரியாக 255 உள்ள வரிசைகளைக் கேட்டேன். 31 வந்தன. அரைகுறை பைட்டோடு முடிபவற்றின் வாலைக் கத்தரித்துவிட்டு, டம்ப், மாற்றம், ஏற்றம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினேன். ஒரு தடங்கலும் இல்லை. 'தமிழ்' சொல்லைக் கேட்டேன்: எழுத்து 5, பைட் 15. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை கேட்டேன். அதேதான்.

இப்போது வரிசை எண்ணிக்கையோடு இந்த எழுத்து எண்ணிக்கைச் சோதனையையும் ரீஸ்டோர் ஸ்கிரிப்ட்டில் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு இரவும் எடுக்கும் டம்பை ஞாயிறுதோறும் ஒரு காலி டேட்டாபேஸில் தானாக ஏற்றி, இரண்டு சோதனையையும் ஓட்டி, முடிவை எனக்கு அஞ்சலில் அனுப்புகிறது.

வெட்டுப்பட்ட 31 வாக்கியங்களின் மீதி எந்த பேக்கப்பிலும் இல்லை. நல்ல வேளையாக, கேட்டதையெல்லாம் முதலில் நோட்டில்தான் எழுதுவேன். தேதியை வைத்து நோட்டைப் புரட்டி ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு வரை பன்னிரண்டு முடிந்திருக்கிறது.