சிங்கப்பூர் – நியூயார்க்: தொலைவையும் நேரத்தையும் நானே கணக்கிட்ட கதை

அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லா விமானத்தில் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், பயணம் உண்மையில் எத்தனை மணி நேரம் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். நள்ளிரவில் கிளம்பினால் அதே நாள் விடியற்காலையில் போய்ச் சேரலாம் என்கிறது அட்டவணை. அந்தந்த ஊர் நேரத்தைப் போடுவதுதான் வழக்கம். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆறு மணி நேரம்கூட வராது!

முதலில் தொலைவு. தட்டையான வரைபடத்தில் கோடு இழுப்பது வீண். வடக்கே போகப் போக அதில் அளவுகள் விரிந்துவிடும். உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம் மேற்கே 73.8 பாகையில். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 178. அதாவது, பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்படியானால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும்! இது பிடிபட்டதும் கணக்கு சுலபமாகிவிட்டது. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து கென்னடிக்கு 49.4 பாகை, ஆக மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்றால் 8,280 கடல் மைல். 1.852 ஆல் பெருக்கினால் சுமார் 15,335 கிலோமீட்டர். பொதுவாகச் சொல்லப்படும் 15,349 கிலோமீட்டருக்கு இது மிக அருகில் வந்ததில் எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 17 மணி நேரம் வருகிறது. அட்டவணையோ ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம் என்கிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பது வரை அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறி இறங்குவதும் அதில் சேரும். அதைவிட முக்கியமான காரணம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்றைப் பிடிப்பதற்காக விமானம் பெரும்பாலும் துருவ வழியை விட்டுவிட்டு, பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிப் போகிறது. தொலைவு கூடினாலும் பின்காற்று தள்ளிக்கொடுக்கிறது. திரும்பும்போதும் பல நாள்களில் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கிழக்கு நோக்கியே பறக்கிறார்கள் என்று அறிந்தபோது வியந்துபோனேன். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பறக்கும் நேரமும் மாறும். அதனால் முன்னே பின்னே அரை மணி நேரம் இடம் விட்டே திட்டமிட்டேன்.

அடுத்தது கடிகாரம். சிங்கப்பூர், கிரீன்விச் நேரத்துக்கு எப்போதும் 8 மணி நேரம் முன்னே. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னே, கோடையில் 4. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இந்த மாற்றம் நடக்கும் நாள்கள். அவற்றையொட்டிப் பயணம் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் போனது குளிர்காலம், எனவே வித்தியாசம் 13 மணி நேரம். நள்ளிரவு 12 மணியோடு 18 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் மாலை 6.40, 13 மணி நேரத்தைக் கழித்தால் நியூயார்க்கில் காலை 5.40. அட்டவணைக் கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது.

மாத்திரை நேரங்களைச் சிங்கப்பூர் நேரத்திலேயே எழுதி மருத்துவரிடம் காட்டினேன். போய்ச் சேர்ந்தபின் எந்த வேளையிலிருந்து நியூயார்க் நேரத்துக்கு மாற வேண்டும் என்பதை அவர் அந்தத் தாளிலேயே குறித்துக்கொடுத்தார். வழியில் விமானம் மாறுகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் இதே முறையில் தனித்தனியாகக் கணக்கிட்டு, இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும்.