11இ ஸ்கெட்ச் கைக்கு வராமல் ஒயின் திராட்சைக்கு நாற்று சொல்லிவிடாதீர்கள்

பெங்களூருவில் குடியிருந்துகொண்டு, தொட்டபள்ளாபுரா, சிக்கபள்ளாபுரா பக்கம் ஒரு ஏக்கர் வாங்கி ஒயின் திராட்சை போடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறவர்களுக்கு இது. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 2020 திருத்தத்தில், விவசாயி அல்லாதவர் நிலம் வாங்குவதைத் தடுத்த 79ஏ, 79பி பிரிவுகள் போய்விட்டதால் விவசாயக் குடும்பம் என்று நிரூபிக்கிற வேலை இப்போது இல்லை. மாட்டிக்கொள்கிற இடம் சர்வே.

வாங்குவது ஒரு சர்வே நம்பரின் பகுதி மட்டும் என்றால், அந்தப் பகுதியை அளந்து சர்வே துறை தரும் வரைபடமான 11இ ஸ்கெட்ச் இல்லாமல் பதிவு நடக்காது. விண்ணப்பம் போட வேண்டியவர் பஹணியில் (நில உரிமைப் பதிவேட்டில்) பெயர் உள்ள விற்பனைக்காரர். நாம் போட முடியாது. எங்களுக்கு விற்றவர் "ஸ்கெட்ச் எல்லாம் ரெடி சார்" என்று அடித்துச் சொன்னார். ரெடியாக இருந்தது அவர்கள் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது எடுத்த பழைய ஸ்கெட்ச். அதில் வேறு அளவு, வேறு எல்லை. புதிதாக அளக்கக் கேட்டால் சர்வே ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமல் "நாளெ பன்னி" (நாளைக்கு வாங்க). மறுநாள் போனால் சர்வேயர் லீவு. அளக்க வந்த அன்று பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போகவில்லை என்று திரும்பிவிட்டார்கள். இது யார் வேலை என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சாதாரண நிலத்துக்கு இது வெறும் எரிச்சல். திராட்சைக்கு ஒரு வருடமே போகும். வேருக்காக மட்டும் முதலில் நட்டு, பிறகு ஒயின் ரகத்தை மேலே ஒட்டுகிற வேர்ச்செடியை நடுவது பிப்ரவரி, மார்ச். ஆகஸ்ட், செப்டம்பரில் தண்டு பென்சில் கனம் வந்தால்தான் ஒட்டுக் கட்ட முடியும். பதிவு மே மாதத்துக்குத் தள்ளிப்போனால் அந்தக் கனம் வராது. தப்பிக்க ஒரே வழி, நர்சரியில் ஏற்கெனவே ஒட்டிய பைச் செடி வாங்கி ஜூலை வாக்கில் நடுவது. விலை கூடத்தான், ஆனால் வருடம் மிஞ்சும். நாங்கள் அப்படித்தான் தப்பித்தோம்.

அதனால் அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள்: 11இ கைக்கு வந்த பிறகுதான் டோக்கனுக்கு மேல் பணம். பஹணியில் பி கராப் என்று காட்டியிருக்கும் குண்டேக்கள் (ஒரு ஏக்கருக்கு 40 குண்டே) ஓடை, வழி மாதிரி பொது நிலம். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அரசு கொடுத்த நிலமா என்று மூலப் பத்திரம் வரை பாருங்கள். தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ கொடுத்த நிலமென்றால் அப்படிப்பட்ட நிலம் கைமாறுவதைத் தடுக்கும் 1978 பிடிசிஎல் சட்டப்படி அரசு அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கிரயமே செல்லாது. நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால். பதிவுக்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். பஹணி பெயர் மாறாமல், கர்நாடக அரசு விவசாயிகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்ணான ஃப்ரூட்ஸ் ஐடி வராது. அது இல்லாமல் சொட்டுநீர் மானியம் வராது. ஆணை வருமுன் குழாய் வாங்கிப் போட்டாலும் மானியம் போச்சு.

நடவு 8 அடிக்கு 4 அடி. ஏக்கருக்குச் சுமார் 1,360 செடி. வேர்ச்செடி ரகப் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள். 110ஆர் கேட்டால் டாக்ரிட்ஜைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டாக்ரிட்ஜ் வறட்சியும் உப்பும் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கொடி வெறியோடு வளர்ந்து பழத்தை நிழலில் போட்டுவிடும், ஒயினுக்கு அது ஆகாது. ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். புதைந்தால் மேல்ரகமே வேர் விட்டு, வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு வீண். பெங்களூர் ப்ளூ எளிதாக வரும், ஜூஸுக்கு நல்லது; ஷிராஸ், கேபர்னே மாதிரி ஒயின் ரக நினைப்பில் இருப்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

ஏப்ரலில் அடிக் கவாத்து, அக்டோபர் வாக்கில் காய்ப்புக் கவாத்து. அப்போது ஒரு மழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய்தான்: இலை மேலே எண்ணெய்ப் பொட்டு மாதிரி மஞ்சள், அடியில் வெள்ளைப் பூஞ்சை. அதற்கு அடிக்கும் 1% போர்டோ கலவைக்கு மயில் துத்தம் 1 கிலோ 50 லிட்டரில், சுண்ணாம்பு 1 கிலோ இன்னொரு 50 லிட்டரில், இரண்டுமே பிளாஸ்டிக் டிரம். துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். சிவப்புப் படிந்தால் இலை கருகும், சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பழைய, காற்றுப்பட்ட சுண்ணாம்பு வாங்கினால் இந்தச் சிவப்பு போகவே போகாது. எங்களுக்குக் கடைக்காரர் கொடுத்தது அதுதான். கலவையை அன்றே அடித்துத் தீர்க்கணும். இளந்தளிருக்கு அரை சதவீதம் போதும்.

அறுப்பு பிப்ரவரி, மார்ச். சிவப்பு ரகம் 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு) வரட்டும். அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வாங்குபவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எந்த ஒயினரி எந்த ரகம் எடுக்கும் என்பதை நடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். நம் பழத்தில் நாமே ஒயின் போட்டு விற்கலாம் என்று கிளம்பினால், 1965 கர்நாடகக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் அது குற்றம். அந்த உரிமத்துக்கு என்னென்ன பேப்பர் என்று கேட்கப் போன இடத்திலும் முதல் பதில் "நாளெ பன்னி"தான்.